வெறும் பீங்கானும் பதினேழு போனும்

என்ட மருமகள் படிச்ச புள்ள. கொழும்புக் கம்பனியொண்டுக்கு ஊட்டுல இருந்தே கட்டடப் படம் வரையிற. மூணு மாசம் தவணை நாள் தப்பாமப் படம் குடுத்தா வேலை நிரந்தரம். அந்தா இந்தா எண்டு மூணாவது மாசம் நெட் நொண்டத் தொடங்கிச்சி. அங்கால அனுப்புற படம் போய்ச் சேருதில்ல.

நெட் பெட்டிய ஜன்னல்ல வெச்சா, அலுமாரிக்கு மேல வெச்சா, நிப்பாட்டி நிப்பாட்டிப் போட்டா. லைன் பாக்க ஒருத்தன் வந்தான். காலத்தால பத்து மணி, நெட் பறக்குது. உப்புக் காத்துக்குத் துருப் புடிச்சிருக்கும் எண்டு வயர் நுனிய மாத்திட்டு, தேத்தண்ணி குடிச்சிட்டு, போகக்குள்ள கேட்டான், ஊட்டுல எத்தின பேர் பாவிக்கிற எண்டு. ரெண்டு பேர் எண்டா மருமகள். எனக்கு அப்பதான் விளங்கிச்சி. இருமிக்கிட்டன்.

கதை இதுதான். லைன்காரன் வர ரெண்டு கிழமைக்கு முந்தி பக்கத்து ஊட்டுக்காரி வட்டிலப்பம் அனுப்பினா. நல்ல வட்டிலப்பம், ஏலம் கொஞ்சம் கூட. வெறும் பீங்கான் திருப்பிக் குடுக்கிற பழக்கம் எங்கட பக்கம் இல்ல. ஊட்டுல சீனி கூட இல்ல. அவ சொன்னா, ஒண்டும் வாணாம், அந்தப் பெட்டிக்கு அடியில இரிக்கிற எழுத்த போட்டோ எடுத்துக்கிறன் எண்டு. நானே தூக்கிக் காட்டினன். அவ தங்கச்சிக்கு அனுப்ப, தங்கச்சி மச்சிக்கு அனுப்ப, பள்ளிக்கூடம் விட்டா எங்கட மதிலோரம் முழுக்க போனும் கையுமாப் புள்ளைகள்.

அண்டைக்கே சொல்லியிருப்பன். மருமகள் என்ட கையில இருந்த போனப் பறிச்சா. "நாடகம் பாத்தே நெட்ட முடிக்கிறீங்க. எழுத்துத் தெரியாத ஆளுக்கு இது என்னத்துக்கு மாமி?" எண்டா.

வாயப் பொத்திக்கிட்டன். பத்து நாள். அவ அழுது அழுது பெட்டியத் தட்டுறத பாத்துக்கிட்டு வெத்தில போட்டன். பொய் சொல்லக் கூடாது, நல்ல ருசி.

கடைசித் தவணையும் தப்பிச்சி. கம்பனிக்காரன் இனி வாணாம் எண்டுட்டான். அதுக்குப் பொறகுதான் எவனோ சொல்லிக் குடுத்து, போன்ல தேடிப் புடிச்சா. எங்கட நெட்டுல பதினேழு போன்.

"ஆருக்கு மாமி குடுத்தீங்க?"

"வெறும் பீங்கானா, மகள், அனுப்புற?"

அப்பிடியே நிலத்துல குந்திட்டா. பாஸ்வேர்ட மாத்தினா. என்ட போனும் திரும்பி வந்திச்சி. இப்ப நெட் பறக்குது, என்ட நாடகம் ஒரு இடத்துல நிக்கிறதில்ல. அவ குசினியில எறால் உரிக்கிறா. கறுப்பு நரம்ப விட்டுட்டாய் எண்டு நான் கதிரையில இருந்தே சொல்லிக் குடுக்கிறன். படிச்ச புள்ளதானே, கெதியாப் புடிச்சிக்கிறா.