துலாபாரத் தட்டில் ஒரு சைக்கிள் சாம்பியன்

போன ஞாயிற்றுக்கிழமை காலை, என்னை வாழைப்பழத்துக்கு எதிரே உட்காரவைத்து நிறுத்தார்கள்.

துலாபாரம். ஒரு தட்டில் நான், மறு தட்டில் கதலிப்பழம். மழைக்காலத்தில் எனக்கு டெங்கு வந்து, பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனபோது என் கணவர் நேர்ந்துகொண்டது. அவள் எழுந்து வந்தால் எடைக்கு எடை பழம் தருகிறேன் என்று மனுஷன் உருகி வேண்டியிருக்கிறார். எந்த மனைவியும் பூரித்துப்போக வேண்டிய விஷயம்தானே? நானோ முதல் நாளிலிருந்தே அதிலிருந்து தப்பிக்க வழி தேடிக்கொண்டிருந்தேன்.

காரணம் பழமல்ல. துலாபாரம் பார்க்கக் கோவையிலிருந்து வந்திருந்த என் சம்பந்தி சாந்தாமணி. இன்னும் சரியாகச் சொன்னால்... சைக்கிள்.

விளக்குகிறேன்.

மகளும் மாப்பிள்ளையும் பெங்களூரில் இருக்கிறார்கள். இரண்டு அம்மாக்களும் உட்கார்ந்தே உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்று அவர்களுக்குக் கவலை. நான் எழுதுவதற்காக உட்காருகிறவள். சாந்தாமணியின் குடும்பத்துக்குப் பொள்ளாச்சி ரோட்டில் லாரி எடை மேடை இருக்கிறது. முப்பது வருடமாக அங்கே உட்கார்ந்து எடைச் சீட்டு எழுதுகிறவர் அவர். எங்கள் இருவருக்கும் பிள்ளைகள் ஆளுக்கொரு மெஷின் வாங்கி அனுப்பினார்கள்.

சைக்கிளின் பின்சக்கரத்தை அந்த மெஷினில் பூட்டிவிட்டு மிதிக்க வேண்டும். சைக்கிள் இம்மியும் நகராது. எதிரே டிவியில் ஒரு பொம்மை நமக்காக ஓட்டிக்கொண்டு போகும். திரையில் மேடு வந்தால் மெஷின் தானாக இறுகும், நமக்கு நிஜமாகவே மூச்சு வாங்கும். கொச்சி மட்டாஞ்சேரியில் நான் மிதிக்க, கோவையில் சாந்தாமணி மிதிக்க, இரண்டு பொம்மைகளும் ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்தில் ஏறும்.

ஏன், தெருவில் ஓட்டக்கூடாதா என்று கேட்பீர்கள். எங்கள் பஜார் ரோட்டைப் பார்த்திருக்கிறீர்களா? லாரி, கைவண்டி, ஆட்டோ, நடு ரோட்டில் நின்று படம் பிடிக்கும் டூரிஸ்ட்... இதற்கு நடுவே சுடிதார் போட்ட ஐம்பத்தெட்டு வயது அம்மாள் ஒருத்தி சைக்கிளில் போனால், மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். தவிர, எங்கள் ஊரில் மேடு என்றால் பாலம்தான். மலை ஏற வேண்டுமானால் டிவிதான் கதி.

சனிக்கிழமைதோறும் காலை ஆறு மணிக்குப் போட்டி. ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கிளம்புவோம். முதல் பத்து நிமிடம் பேரன் முளைப்பல், கோவை வெயில், கொச்சி மழை என்று பேச்சு ஓடும். மேடு செங்குத்தாக ஆக, வாக்கியங்கள் சின்னதாகும். கடைசி ஐந்து நிமிடம் இரண்டு வீட்டிலும் மூச்சிரைப்பைத் தவிர வேறு சத்தமே கிடையாது.

இந்தப் பக்கத்தை வழக்கமாக வாசிக்கிறவர்களுக்குத் தெரியும், எனக்குத் தோற்கப் பிடிக்காது. நல்லவேளை, தோற்கவில்லை. பத்தொன்பது வாரம் ஓட்டினோம். பத்தொன்பதிலும் நான்தான் முதலில் உச்சியைத் தொட்டேன். இருபது செகண்ட், பன்னிரண்டு செகண்ட், ஒரு தடவை வெறும் நாலே செகண்ட் வித்தியாசம். தொட்ட மறுகணம், பால் பொங்குகிறது சம்பந்தியம்மா என்று சொல்லி ஃபோனை வைத்துவிடுவேன். அடுப்பில் பாலே இருக்காது. ஜெயித்தவளுக்கு ஒரு கெத்து வேண்டாமா?

இப்போது ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

மெஷினை ஆப்போடு இணைத்த அன்று மாப்பிள்ளை வீடியோ காலில் வந்து ஒவ்வொன்றாகக் கேட்டார். பெயர், வயது, உயரம். அடுத்ததாக, எடை எவ்வளவு அத்தை என்றார். திரையில் ஒரு கட்டத்தில் அவர், ஒரு கட்டத்தில் என் மகள், இன்னொரு கட்டத்தில் கண் கொட்டாமல் சாந்தாமணி. சம்பந்தி கேட்டுக்கொண்டிருக்கும்போது உள்ள எடையை உள்ளபடி சொல்கிற பெண் எந்த ஊரிலாவது இருக்கிறாளா? அறுபத்திரண்டு என்றேன். அதுவும் என் எடைதான். மகள் பத்தாவது படித்தபோது.

இத்தனைக்கும் நாங்கள் குடியிருப்பது என் கணவரின் சுக்கு கோடவுனுக்கு மேல்மாடியில். கீழே பெரிய மேடைத் தராசு ஒன்று இருக்கிறது. நாள் முழுக்க மூட்டைகள் அதில் ஏறி இறங்குகின்றன. முப்பது வருடத்தில் நான் ஒருமுறைகூட அதில் ஏறியதில்லை.

எடையைக் கொஞ்சம் குறைத்துச் சொன்னால் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் நானும் நினைத்தேன். இந்த விளையாட்டில் எடைதான் எல்லாமே என்பது ஐந்தாவது வாரம்தான் தெரிந்தது. நாம் மிதிக்கிற பலத்தையும் நம் எடையையும் வைத்துத்தான் மேட்டில் பொம்மையின் வேகத்தைக் கணக்குப் போடுகிறார்கள். எடை குறைவு என்றால் பொம்மை ஜிவ்வென்று ஏறும். பொம்மையின் உடம்பைக்கூட நாம் சொன்ன எடைக்கேற்பத்தான் வரைகிறார்கள். திரையில் நான் சிக்கென்று இருப்பேன். சாந்தாமணியின் பொம்மை மட்டும் ஏனோ குண்டாக இருக்கும். நேரில் அவர் முருங்கைக்காய். ஆப்புக்குக் கண் சரியில்லை என்று விட்டுவிட்டேன்.

விஷயம் தெரிந்த அன்றே எடையைத் திருத்தியிருக்கலாம். ஆனால் அந்த வாரம் ஏழு செகண்டில் ஜெயித்திருந்தேன். திருத்த மனம் வரவில்லை.

அப்புறம் வந்தது துலாபாரம். நாள் குறித்ததும், சம்பந்தி வீட்டையும் அழைக்காவிட்டால் மரியாதையில்லை என்று கணவர் அழைத்துவிட்டார். தட்டில் உட்காராமல், ஏதோ ஒரு அளவுக்குப் பழம் கொடுத்துவிட்டால் போதாதா என்று கேட்டுப் பார்த்தேன்.

“நேர்ந்தது நேர்ந்ததாக்கும். அதிலே ஒரு கிராம் குறைக்கப் பற்றாது” என்றார். தராசை வைத்துப் பிழைப்பு நடத்துகிறவரிடம் போய்க் கேட்டது என் தப்பு.

சனிக்கிழமை மாலை சாந்தாமணி வந்து இறங்கினார். சாயாவும் பழம்பொரியும் வைத்தேன். ஊர்க்கதை பேசிக்கொண்டே வந்தவர், அந்த மெஷினைத் தன் தங்கை மகனுக்குக் கொடுத்துவிடப் போவதாகச் சாதாரணமாகச் சொன்னார். ஏன் என்று கேட்டேன்.

“பத்தொம்பது வாரமுங்க. ஒருக்காக்கூட உங்களை முந்த முடியலீங்க. மருதமலைப் படியெல்லாம் நிக்காம ஏறுனவ நான். இப்பக் காலுல பலம் போயிருச்சாட்ட இருக்குதுங்க. வயசாயிருச்சு... இனி அந்த மெஷின் எனக்கு எதுக்குங்க?”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் இரண்டாவது பழம்பொரியைத் தொடவில்லை. என் அழகுக்காக நான் சொன்ன ஒரு பொய், திடமான ஒரு பெண்ணிடம் ‘உனக்கு வயதாகிவிட்டது’ என்று வாராவாரம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். நன்றாகவே குறுகுறுத்தது, வாய்தான் திறக்கவில்லை. அப்படியெல்லாம் இல்லை சம்பந்தியம்மா என்று முணுமுணுத்துவிட்டு இன்னொரு டம்ளர் சாயா ஊற்றினேன்.

மறுநாள் கோயில். வெறும் வயிறு, இருப்பதிலேயே லேசான புடவை, கழுத்துச் சங்கிலிகூடக் கழற்றியாகிவிட்டது. பழத்தை முன்கூட்டியே பத்துப் பத்துக் கிலோவாக நிறுத்துக் கூடைகளில் வைத்திருந்தார்கள். நான் தட்டில் சம்மணமிட்டு உட்கார்ந்தேன். எதிர்த்தட்டில் ஒன்றொன்றாகக் கூடை ஏறியது. சாந்தாமணி என் கணவருக்குப் பக்கத்தில் கைகூப்பி நின்றிருந்தார்.

நாலு, ஐந்து, ஆறு. ஆறாவது கூடைக்கு மேல் இரண்டு சீப்பு போதும் பகவானே, என்னைத் தூக்கிவிடு என்று வேண்டிக்கொண்டேன். பகவான் அசையவில்லை, நானும் அசையவில்லை. ஏழாவது கூடை வந்தது. தட்டு தரையிலேயே இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கலாம், தராசில் எங்கே மறைப்பது? சீப்பு சீப்பாக அடுக்கினார்கள். கடைசியில் என் தட்டு மெல்ல மேலே எழுந்தது.

“சேச்சி, எழுபத்தி நாலர” என்று கணக்கர் ரசீதுக்காகச் சத்தமாகச் சொன்னார். தமிழிலும் மலையாளத்திலும் அந்த எண் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒளிந்துகொள்ள ஒரு பாஷைகூட இல்லை எனக்கு.

கணவர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார், கண்ணோரம் ஈரம். எழுபத்து நாலரைக் கிலோவும் பிழைத்து வந்ததில் அவருக்கு அவ்வளவு நிம்மதி. நான் சாந்தாமணியைப் பார்த்தேன். அவர் நெற்றியைச் சுருக்கி எதையோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

தட்டிலிருந்து இறங்கியதும் அவரைக் குளக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் கொட்டினேன். அறுபத்திரண்டு என்று போட்டது, ஐந்தாவது வாரமே தெரிந்தும் திருத்தாமல் விட்டது, பால் பொங்காதது உட்பட. கோபப்படுவார், குறைந்தபட்சம் முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று காத்திருந்தேன்.

அவர் கேட்டது வேறு.

“அப்ப எழுபத்தி நாலரைங்கிறதும் சைக்கிள் இல்லாமத்தானுங்களே?”

எனக்குப் புரியவில்லை. சைக்கிளை எதற்குச் சேர்க்க வேண்டும்?

“மேடு ஏறுறப்ப லோடு மட்டுமா ஏறுது, வண்டியும் சேர்ந்துதானுங்க ஏறுது? வேபிரிட்ஜுல முப்பது வருசமா இதைத்தானுங்க பாக்கறேன். எம்பட எடை அம்பத்தி நாலு, சைக்கிள் பதினேழு. எழுபத்தொண்ணுன்னு போட்டனுங்க. அறுபத்திரண்டுன்னு நீங்க சொன்னப்பவே, சைக்கிளை உட்டுட்டாங்களேன்னு நெனச்சேன். சொன்னா சங்கடப்படுவீங்கன்னு பேசாம இருந்துட்டேன்.”

சைக்கிளின் எடையை ஆப் தானாகவே சேர்த்துக்கொள்ளும். அது அவருக்குத் தெரியாது. நான் பன்னிரண்டரைக் கிலோவைக் குறைத்திருக்கிறேன், அவர் பதினேழைக் கூட்டியிருக்கிறார். ஏறக்குறைய முப்பது கிலோ. அரை மூட்டைச் சுக்கை அந்த அம்மாள் முதுகில் ஏற்றிவிட்டு, நான் வெறுங்கையோடு ஏறியிருக்கிறேன். அப்படியும் ஒரு வாரம் நாலே செகண்டில் தப்பியிருக்கிறேன்!

வாய்விட்டே சொன்னேன். “பத்தொம்பது வாரமும் நீங்கதான் ஜெயிச்சது சம்பந்தியம்மா. நானில்லை.”

அவர் சிரிக்க ஆரம்பித்தார். பிரதட்சிணம் வந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு, தோள் குலுங்க, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. சிரித்து முடித்ததும் அவர் செய்த முதல் வேலை, தங்கை மகனைக் கூப்பிட்டு, “கண்ணு, அந்த மெஷின் உனக்கில்லை, வேற வாங்கிக்க” என்று சொன்னதுதான். பிரசாதப் பழத்தோடு வந்த என் கணவர் என்ன சிரிப்பு என்று விசாரித்தார். சும்மாங்க, ஊர்க்கதை என்று சாந்தாமணி முடித்துவிட்டார். என் மானத்தை அவர் காப்பாற்றிக் கொடுத்தது இது இரண்டாவது முறை.

அன்றே மாப்பிள்ளையைக் கூப்பிட்டு இரண்டு எடையையும் திருத்தச் சொன்னோம். என் எண்ணைக் கேட்டதும் ஒரு சின்ன இருமல். அப்புறம் சரிங்க அத்தை என்றார். நல்ல பிள்ளை.

நேற்று சனிக்கிழமை இருபதாவது போட்டி. திரையில் என் பொம்மை நன்றாகப் பூசினாற்போல் இருந்தது, பக்கத்தில் முருங்கைக்காய். மேடு ஆரம்பித்த இரண்டாவது நிமிடத்தில் அந்த முருங்கைக்காய் வளைவில் திரும்பியது. அதற்குப் பிறகு நான் அதைப் பார்க்கவேயில்லை. முப்பத்தெட்டாவது நிமிடத்தில் உச்சியைத் தொட்டுவிட்டார். ஸ்பீக்கரில் அவர் போட்ட கூச்சல் கீழே கோடவுன் வரைக்கும் கேட்டிருக்கும். தோற்றுக்கொண்டே இவ்வளவு சந்தோஷப்பட முடியும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

இப்போது ஃபோனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன், பத்தொன்பது வாரமும் செய்தேன்.

“நிதானமா வாங்க சம்பந்தியம்மா. நான் மேலயே நிக்கறேன்” என்று குரல் வந்தது.

ஐம்பத்தாறாவது நிமிடத்தில் ஒருவழியாக உச்சிக்குப் போய்ச் சேர்ந்தேன். நிஜமாகவே நின்றுகொண்டிருந்தார், ஒரு காலைத் தரையில் ஊன்றி. மூச்சு திரும்பியதும், அந்தப் பக்க இறக்கத்தில் ஒரு பந்தயம் போடலாமா என்று கேட்டார். இனி என்ன பந்தயம், உங்களைத் துரத்த என்னால் ஆகாது என்றேன்.

“தைரியமா வாங்க. இறக்கத்துல லோடு வண்டிதானுங்க முந்தும்.”

முந்தியது. பதினொரு செகண்ட் வித்தியாசத்தில் ஜெயித்தேன், அதில் ஒவ்வொரு கிராமும் என் சொந்தச் சம்பாத்தியம்.