உருண்ட இன்ஜினும் இட்லி வண்டியும்

போன வருஷம் தை மாதம், பெங்களூரில் மூடிக் கிடந்த ஒரு பழைய தொழிற்சாலையில் நடந்தது இது. நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். லாரி கழுவ வந்து, இன்று இதே ஊரில் நீலசந்திராவில் சொந்தமாகக் கிரேன்கள் வைத்திருக்கிறேன். இந்த ஊரில் நான் தூக்காத கனம் கிடையாது. நம்பமாட்டீர்கள், ஒரு விமானத்தின் வாலைக்கூடத் தூக்கியிருக்கிறேன்.

அந்தத் தொழிற்சாலைக் கொட்டகையில் ஒரு குட்டி டீசல் இன்ஜின் நின்றது. கரி இன்ஜின் ஓடிய காலத்திலேயே இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்ததாம். சரக்குப் பெட்டிகளை இங்கும் அங்கும் தள்ளுவதுதான் அதன் வேலை. அதை வெளியே எடுத்து வாசலில் காட்சிக்கு வைக்க வேண்டும். தண்டவாளம் முடிகிற இடத்தில் என் புதுக் கிரேனை நிறுத்தியிருந்தேன். ஆபரேட்டர் உள்ளே உட்கார்ந்திருந்தார்.

சக்கரமெல்லாம் துரு. "உருண்டுடாம சக்கரத்துக்கு முன்னாடி கட்டை வைக்கலாமாண்ணா?" என்று ஆட்கள் கேட்டார்கள்.

"இது நகர்றதே பெருசு. கட்டை எதுக்குடா?" என்றேன்.

ஆயில் ஊற்றிக் கடப்பாரையால் நெம்பினார்கள். கிறீச்சென்று ஒரு சத்தம். கொட்டகையை விட்டு வெளியே வந்த இன்ஜின், சரிவில் தானாக ஊர ஆரம்பித்துவிட்டது, நேராக என் கிரேனைப் பார்த்து. "இறங்குடா!" என்று கத்துகிறேன், ஆபரேட்டருக்குக் கேட்கவில்லை. என் கிரேனில் ஏசி கேபின், கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தார்.

பக்கத்தில் ஒரு அம்மா தள்ளுவண்டியில் ஆட்களுக்கு இட்லி விற்றுக்கொண்டிருந்தார். சட்டென்று குனிந்து, தன் வண்டிச் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்திருந்த கட்டையை உருவி, தண்டவாளத்தில் இன்ஜினுக்கு முன்னால் தள்ளிவிட்டார். இன்ஜின் அதன்மேல் ஏறப் பார்த்தது, முனகியது, நின்றுவிட்டது.

இட்லி வண்டி நிற்கவில்லை. அது சரிவில் கிளம்பிவிட்டது. ஓடிப்போய் இரண்டு கையாலும் பிடித்தேன். சாம்பார் பாதி என் வெள்ளைச் சட்டையில்.

"அப்படியே பிடிச்சுக்கோங்கண்ணா! உங்க இன்ஜினுக்கு வேற கட்டை வர்ற வரைக்கும் விடாதீங்க. விட்டீங்க, என் பொழப்பு போச்சு!"

"ஏம்மா, நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியுமே, வண்டி பிடிக்கிறவரு. அந்தப் பக்கம் சட்னி சாயுது பாருங்க, நிமித்துங்க!"

நிமிர்த்தினேன். ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

இன்று அந்த இன்ஜின் பெயின்ட் அடித்து வாசலில் ஜம்மென்று நிற்கிறது. தூக்கி வைத்தவன் நான்தான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அந்த வழியாகப் போகும்போதெல்லாம், தன் பிழைப்பே உருண்டு போகும் என்று தெரிந்தும் யாரோ ஒருவனுக்காகக் கட்டையை உருவிய அந்தக் கைதான் முதலில் என் கண்முன் வந்து நிற்கிறது.