பூப் போட்டுப் பார்த்த ஆலோசகர்

கள்ளக்குறிச்சி கடைவீதி மாடியில் வெளிநாட்டுப் படிப்புக்கு ஆலோசனை சொல்பவர் அவர். சாயம் பூசிய மீசை, அந்த வெயிலிலும் கோட்டு. பேசும்போது நம்மைப் பார்க்காமல் கைபேசித் திரையில் மீசையைப் பார்த்துக்கொள்வார்.

அமெரிக்கக் கல்லூரிகளில் சேர்வதற்கான சாட் தேர்வை என் மகள் இரண்டு முறை எழுதியிருந்தாள். முதல் முறை கணக்கில் அதிகம், அடுத்த முறை ஆங்கிலத்தில் அதிகம். எந்த மதிப்பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்புவது? அன்றுதான் கடைசி நாள்.

அவர் சிவப்புப் பூவையும் வெள்ளைப் பூவையும் தனித்தனித் தாளில் மடித்து அம்மன் படத்தின் முன் போட்டார்.

"ஒண்ண எடுங்க சார். செவப்பு வந்தா மொத மார்க்கு, வெள்ளை வந்தா ரெண்டாவது. இன்னாத்துக்கு இவ்ளோ யோசிச்சிக்கினு?"

"ரெண்டையுமே அனுப்பலாம் சார்," என்றாள் மகள். "ஒவ்வொரு பாடத்துலயும் எது ஜாஸ்தியோ அத எடுத்துக்குவோம்னு அந்தக் காலேஜே போட்டிருக்குது. நீங்க படிக்கலியா?"

"அம்மன் எதிருலயே எதுத்துப் பேசுதே உங்க பொண்ணு!" என்று என்னிடம் சிரித்தார்.

அவள் அவர் மேசையிலிருந்த கணினியைத் தன் பக்கம் திருப்பி இரண்டையும் அனுப்பினாள்.

இடம் கிடைத்தது. அடுத்த வாரமே பேருந்து நிலையத்தில் அவருடைய பேனர். அதில் அவர் முகம் பெரிது, என் மகள் முகம் சிறிது.

அவள் வாய் திறக்காமல் இருந்திருந்தால் நானும் ஒரு தாளை எடுத்திருப்பேன். அந்த மனிதர் எங்களை ஏமாற்றப் பார்த்தாரா, உண்மையிலேயே பூவை நம்பினாரா? ஏமாற்றுக்காரர் என்றாலாவது கொஞ்சம் மதிக்கலாம்.