தலைமாட்டில் வெள்ளிப் பெட்டி

பேத்தி பால்கனியில் கவிழ்த்து வைத்த பிளாஸ்டிக் கூடையின் வழியே மாலை வெயில் நுழைந்து, சுவரெல்லாம் பூப்பூவாக விழுகிறது. நான் மறுபடியும் சின்னப் பிள்ளையாகக் காரிமங்கலத்து வீட்டில், காய்ச்சலோடு பாயில் கிடக்கிறேன்.

அம்மா அப்போது வெள்ளைக்காரத் தொரசானியின் பங்களாவில் வேலை பார்த்தாள். அங்கே மேசைமேல், வெள்ளிக் கம்பியை நூலாக இழைத்துப் பூவும் கொடியுமாகப் பின்னிய சின்னப் பெட்டி ஒன்று இருந்தது. சீமைக்காரர்கள் வாங்கிப் போவதற்கென்றே நம் பக்கத்துத் தட்டார்கள் செய்தது என்று பிறகுதான் அறிந்தேன். எங்கள் மாதா கோயில் திருவிழாவில் சாமியார் முத்தமிடக் கொடுக்கும் புனிதரின் எலும்பும் அப்படியொரு வெள்ளிப் பெட்டியில்தான் இருக்கும். அதனால் அம்மா இதைத் துடைக்கும்போதெல்லாம் சிலுவை போட்டுக்கொள்வாள்.

என் காய்ச்சல் இறங்காதபோது தொரசானியிடம் போய் அழுதாள்.

“அந்தப் பெட்டிய ஒருதரம் புள்ள தலமாட்டுல வெச்சு எடுத்துக்கறனுங்க.”

தொரசானி உச்சி வெயிலில் தானே பெட்டியைத் தூக்கி வந்து, எங்கள் வாசலில் குனிந்து நுழைந்து, என் தலைமாட்டில் வைத்தாள். வெளிச்சம் பெட்டிக்குள் புகுந்து மண்சுவரில் கொடிகொடியாகப் படர்ந்தது. அதைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனேன்.

சுதந்திரம் வந்து சீமைக்குத் திரும்பும் நாளில், தொரசானி பெட்டியைத் திறந்து காட்டினாள். உள்ளே அறுந்த சட்டைப் பித்தான்கள்தான் கிடந்தன. நான் சிரித்துவிட்டேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

“அவங்களுக்கு அன்னிக்கே தெரியுமில்ல? தெரிஞ்சும் அந்த வெயில்ல தூக்கியாந்தாங்களே.”

பெட்டியை மூடினாள். எப்போதும்போலச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

பேத்தி கூடையை எடுக்க வருகிறாள்.

“கொஞ்ச நேரம் இருக்கட்டும் சாமி” என்கிறேன்.