ஓர் உளுந்தும் இரண்டு பயறும்

அக்காவின் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றதற்குக் காரணம் நான்தான். எங்கள் குடும்பத்தில் சொல்லப்படும் காரணம் வேறு. எழுபதைத் தாண்டிவிட்ட இந்த வயது வரை, அதைச் சொல்லும்போதெல்லாம் நானும் தலையாட்டிக்கொண்டு கேட்டிருக்கிறேன்.

மன்னார்குடிக்குக் கிழக்கே எங்கள் ஊர். அதுவரை பிறர் வயலில் கூலிக்கு நட்டு அறுத்த அப்பாவும் அம்மாவும் அந்த வருடம்தான் முதல்முறையாக மூன்று மா நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்திருந்தார்கள். தை மாதம் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் இருக்கும்போதே, நெல் நிற்கிற ஈரத்தில் உளுந்தைத் தெளித்துவிட வேண்டும். அதற்காக அம்மா, கூலியாகக் கிடைத்த உளுந்தைச் சமைக்காமல் சேர்த்து, சாம்பல் கலந்து, பானை வாயைத் துணியால் கட்டிப் பரணில் வைத்திருந்தாள். பக்கத்திலேயே பச்சைப்பயறுக்கு ஒரு சின்னப் பானை.

நான் எட்டாம் வகுப்பு. மார்கழிக் கடைசியில் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. தனிமம், சேர்மம், கலவை மூன்றையும் துகள்களாகக் காட்ட வேண்டும் என்றார் வாத்தியார். துகளுக்கு எங்கே போவது? பரணில் ஏறி இரண்டு பானையிலும் இரண்டிரண்டு கை அள்ளினேன். அட்டையில் சோற்றுப் பசை தடவி, முதல் கட்டத்தில் பயறை இரண்டிரண்டாக ஒட்டினேன், அது ஹைட்ரஜன். நடுக்கட்டத்தில் ஓர் உளுந்து, அதன் இருபுறமும் இரண்டு பயறு, அது தண்ணீர். கடைசிக் கட்டத்தில் உளுந்தும் பயறும் தனித்தனியே சிதறிக் கிடந்தன. அது கலவை.

பக்கத்துப் பையன், ஹைட்ரஜனும் ஜோடியாக ஒட்டியிருப்பதால் சேர்மம்தான் என்று சாதித்தான். “ஒட்டியிருந்தா மட்டும் போதுமாடா? ஒட்டுனது ரெண்டு வகையா, ஒரே வகையான்னு பாரு. இவன் பார்த்திருக்கான்” என்று வாத்தியார் என் முதுகில் தட்டினார். ஒரு பேனா பரிசு கிடைத்தது.

விதையைக் குப்பையில் போடுவது எங்கள் வீட்டில் பெரிய குற்றம். அதனால் அட்டையை நனைத்து, எல்லாவற்றையும் சுரண்டி எடுத்துப் பரணில் ஏறினேன். உதிர்ந்து வந்தவற்றை உளுந்து வேறு, பயறு வேறாகப் பிரித்துப் போட்டுவிட்டேன். பசை விடாமல் ஒட்டிக்கொண்டிருந்த ஆறேழு தண்ணீரை எந்தப் பானையில் போடுவது? வாசலில் அம்மாவின் குரல் கேட்டது. உளுந்துப் பானையிலேயே ஈரத்தோடு தள்ளி, துணியைக் கட்டிவிட்டு இறங்கினேன்.

தெளிப்புக்கு முதல்நாள் உளுந்துப் பானையைத் திறந்தபோது பூஞ்சண வாடை அடித்தது. மேல் பாதி கட்டிகட்டியாக இருந்தது.

மாதவிலக்கு நாட்களில் பெண்கள் விதைப்பானைப் பக்கம் போகக்கூடாது என்பது வழக்கம். வீட்டில் யாரும் வேறு காரணம் தேடவில்லை.

“மறந்தாப்புலகூட தொடலியாடி?” என்று அக்காவிடம் கேட்டாள் அம்மா.

“சத்தியமா இல்லம்மா. நான் பரண்ல ஏறவே இல்ல.”

“பத்தாவது படிக்கிற மெதப்பு. வீட்டு வழக்கமெல்லாம் இவளுக்கு எளக்காரம்” என்றார் அப்பா. “பள்ளிக்கூடம் ஒண்ணும் ஓடிப்போயிடாது. உக்காந்து நல்லதைப் பொறுக்கு.”

சட்டைப்பையில் பரிசுப் பேனாவோடு நான் பக்கத்தில்தான் நின்றேன். அப்பாவின் கைக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. இதைவிட மரியாதையான காரணம் என்னிடம் இல்லை.

அக்கா நான்கு நாள் பொறுக்கினாள். தேறியதைத் தெளித்தார்கள், பாதி வயல் சும்மா கிடந்தது. அதற்குள் அறுவடை தொடங்கியது. இன்னொரு கை தேவைப்பட்டது. அறுவடை முடிந்தபோது, அவளைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்பும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை.

பொறுக்கிய மூன்றாம் நாள், உதவுகிறவன்போல நான் முறத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். அவளுடைய விரல் ஓரிடத்தில் நின்றது. சாம்பல் படிந்த ஓர் உளுந்தை எடுத்தாள். இருபுறமும் இரண்டு பயறு. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“என்னக்கா அது?” என்றேன்.

“கல்லுடா” என்று தாவணி முனையில் முடிந்துகொண்டாள். “நீ போய்ப் படி.”

மற்ற ஐந்தாறும் அவள் கையில்தான் அகப்பட்டிருக்க வேண்டும். ஒன்றைக்கூட யாரிடமும் காட்டவில்லை.

நல்லவேளை, அக்காவுக்குப் புரியவில்லை என்று நான் எழுந்து போனேன். அதே வாத்தியாரிடம், அதே பாடத்தை, எனக்கு இரண்டு வருடம் முன்னால் படித்தவள் அவள். கையில் இருந்தது தண்ணீர் என்று தெரிந்துதான் கல் என்றாள்.