ஒன்பது அங்குலப் பை

எங்க கிள்ளான் ஃபிளாட்டுல நாகையா அண்ணன் வாயில விழாத ஆளே கிடையாது. அதிகமா விழுந்தவ நான்தான். என் பேரு தாமரை. நாலு வருஷமா குடியிருப்பாளர் சங்கத்துக்குச் செயலாளர், வாட்ஸ்அப்புல நோட்டீஸ் போடுறது என் தலையெழுத்து. ஒருதடவ அவசரத்துல, 'கூட்டத்துக்கு எல்லாரும் தவறாமல் வரவும்'னு அடிக்கிறதுக்குப் பதிலா 'தவறாக வரவும்'னு அடிச்சிட்டேன். அண்ணன் என்ன செஞ்சார் தெரியுமா? சட்டைய உள்பக்கம் வெளியில வர்ற மாதிரி மாட்டிக்கிட்டு, செருப்ப கால் மாத்திப் போட்டுக்கிட்டு வந்து முன்வரிசையில உக்காந்துட்டார். கேட்டா, "நீதானம்மா தவறா வரச் சொன்ன, செயலாளர் பேச்ச மீறலாமா?"ங்கிறார். எனக்கு வந்த கோவத்துக்கு அன்னிக்கே ராஜினாமா எழுதிட்டேன். அத வாங்கிக்கத்தான் ஆள் இல்ல.

மூணாவது மாடி அமீனா பீவி அக்கா கதை இன்னும் மோசம். ஒரு பெருநாளைக்குச் சேமியா பாயசத்துல சீனின்னு நெனச்சு உப்ப அள்ளிப் போட்டுட்டாங்க. அஞ்சு வருஷம் ஆச்சு. இன்னமும் லிஃப்ட்ல பாத்தா, "என்னக்கா, கடல் எப்படி இருக்கு?"ன்னுதான் கேப்பார். "ஊர்த் துணியெல்லாம் தைக்கிற, உன் வாய ஒருநாள் தைக்கக் கூடாதா?"ம்பாங்க அக்கா.

ஆமா, அவர் டைலர். பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு மாடிப்படிக்குக் கீழ ஒரு மிஷின், ஒரு ஸ்டூல், ஒரு இஸ்திரிப் பெட்டி, அவ்வளவுதான் கடை. முப்பத்தெட்டு வருஷமா காலையில கொமுட்டர் ரயில் பிடிச்சுப் போறார், சாயங்காலம் வர்றார். பொண்டாட்டி போனப்புறம் ஒத்த ஆளா மகள வளத்து, மருந்தாளுநருக்குப் படிக்க வச்சு, போன வருஷம் சுபாங் ஜெயாவுல கட்டிக் கொடுத்தார்.

அந்தக் கல்யாணத்துலதான் அது நடந்துச்சு. மாப்பிள்ளையோட அம்மா, நல்லம்மாள், வந்தவங்ககிட்ட இவரக் காட்டி, "பொண்ணோட அப்பா. துணி பிசினஸ் பண்றார்"னாங்க. நான் பக்கத்துலதான் நின்னேன். அண்ணன் பல்லக் கடிச்சுக்கிட்டு கும்பிட்டார். திரும்பி வரும்போது கார்ல, "டைலர்னு சொன்னா வாய் வெந்துருமா தாமர?"ன்னு கேட்டார். ஊரையே கிண்டல் பண்ற மனுஷனுக்கு அந்த ஒரு சொல்லு நெஞ்சுல மாட்டிக்கிச்சு. அதுக்கப்புறம் மகள் வீட்டுக்குப் போறதயே கொறச்சிக்கிட்டார்.

இப்படி இருக்கையில சும்மா கெடந்த சங்க நான் ஊதிக் கெடுத்தேன். ஸ்கூல் லீவுக்கு ஏதாச்சும் சமையல் போட்டி வைக்கணும்னாங்க. முறுக்கு வச்சா யார் முறுக்கு ஒசத்தின்னு அடிதடி வரும், பிரியாணி வச்சா அமீனா அக்காவே நாற்காலியத் தூக்குவாங்க. யாருக்கும் பாட்டன் சொத்தா இல்லாத பண்டமா இருக்கட்டும்னு பை வச்சோம். ஆப்பிள் பை, சிக்கன் பைன்னு பேக்கரியில விக்கிறானே, அந்தப் பை. நானும் பாத்துப் பாத்து நோட்டீஸ் அடிச்சேன்.

"வீட்டிலேயே செய்த பை போட்டி. ஒன்பது அங்குலம், வட்டமாக இருக்க வேண்டும். ஓரத்தை நன்றாக மடித்திருக்க வேண்டும், பிரியக் கூடாது. மேலே மூடி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். உள்ளே என்ன வைப்பது என்பது உங்கள் விருப்பம். கோழி வைக்கலாம்; மாடு, பன்றி கூடாது. செய்முறையை எழுதிக் கொண்டு வரவும். எல்லாருக்கும் வாசித்துக் காட்டப்படும்."

நீங்களே சொல்லுங்க, இதுல என்ன தப்பு? ஒரு எழுத்துப்பிழை உண்டா? அண்ணனே, "இந்தவாட்டி பாஸ்"னு பதில் போட்டார். அடுத்த நிமிஷம் தன் பேரையும் கொடுத்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. மெகி மீ நூடுல்ஸ் கிண்டுறதுக்கே மகளுக்கு போன் போட்டு வழி கேக்குற ஆளு அவர். "சம்பந்தியம்மாவையும் பை போட்டிக்கு வரச் சொல்லியிருக்கேன். என் கை என்ன செய்யும்னு அவங்களும் ஒருநாள் பாக்கட்டும்லா"ன்னார். சரி, மகள் சொல்லிக் கொடுத்திருக்கும்னு நானும் விட்டுட்டேன்.

ஞாயித்துக்கிழமை டேவான்ல, அதான் எங்க ஃபிளாட் மண்டபத்துல, மேசை நெறைய பதினோரு பை. ஒருத்தர் டுரியான் பை கொண்டு வந்து, அந்தப் பழ வாடைக்கு எல்லா ஜன்னலையும் தொறக்க வச்சுட்டார். மகளுக்கு அன்னிக்கு டியூட்டி, அதனால நல்லம்மாள் மட்டும் வந்து முன்வரிசையில உக்காந்திருந்தாங்க, மடியில வெலகூடின ஹேண்ட்பேக். கடைசியா அண்ணன் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, கையில ஒரு காகிதப் பொட்டலம். மேசையில வச்சுப் பிரிச்சார்.

துணிப்பை. அடி வட்டம், சரியா ஒன்பது அங்குலம். ஓரம் ரெண்டு மடிப்பா மடிச்சுத் தையல் அடிச்சிருக்கு, மேல பட்டன் வச்ச மூடி, தோள்ல மாட்ட வார். அண்ணன் அந்தப் பையப் பாத்தார், பக்கத்துல ஆவி பறக்குற சிக்கன் பையப் பாத்தார். முகத்துல ஈயாடல.

உண்மையச் சொல்றேன், எனக்கு மொதல்ல சந்தோஷம்தான் வந்துச்சு. நாலு வருஷக் கடன் வட்டியோட வசூலாகப் போகுதுன்னு கை போன் கேமராவுக்குப் போயிருச்சு. அப்புறம்தான் அவர் கண்ணு போற எடத்தப் பாத்தேன். முன்வரிசைக்குப் போகுது. மனுஷன் பயந்துபோயிருந்தார். போன உள்ள வச்சிட்டேன்.

ஆனா செய்முறை வாசிக்கணுமே. அமீனா அக்கா சார்டின் பைக்கு எழுதியிருந்தாங்க: "மைதா கண் அளவு, வெண்ணெய் மன அளவு, உப்பு மட்டும் நக்கிப் பாத்துட்டுப் போடவும்." டேவானே சிரிச்சுச்சு. அடுத்த தாள் அண்ணனோடது. "கெட்டித் துணி அரை மீட்டர். கோழி வைத்தால் தண்ணி ஒழுகாமல் இருக்க உள்ளே பிளாஸ்டிக் லைனிங்." வாய் பாட்டுக்கு வாசிச்சிருச்சு, சட்டுன்னு தாள மடக்கிட்டேன்.

"இது போட்டிக்கு வந்தது இல்லீங்க"ன்னு மைக்ல அடிச்சு விட்டேன். "ஜெயிக்கிறவங்களுக்குப் பரிசு. சங்கம் ஆர்டர் கொடுத்துச்சு."

"ஆமா ஆமா, நான்தான் அளவு சொன்னேன்"னு அமீனா அக்கா எந்திரிச்சு ஒத்து ஊதுனாங்க.

அண்ணன் மைக்க என் கையிலேர்ந்து வாங்கிட்டார். "ரெண்டு பேரும் பொய் சொல்லாதீங்க. ஊர்ல எல்லார் தப்பையும் பிடிச்சவன் நான், என் தப்ப மட்டும் மறைச்சா நல்லா இருக்காது. பைன்னா பைன்னு நெனச்சிட்டேன். நான் டைலர்ங்க. எனக்குத் தெரிஞ்ச பை இதுதான்."

டேவான் வெடிச்சுச்சு. "கோழிக்கு லைனிங்கா?"ன்னு அமீனா அக்கா மேசையத் தட்டித் தட்டிச் சிரிச்சாங்க, அஞ்சு வருஷத்துச் சிரிப்பு. அண்ணனும் கூடச் சிரிச்சார், ஆனா காது ரெண்டும் செவந்து கெடந்துச்சு.

நல்லம்மாள் மட்டும் சிரிக்கல. எந்திரிச்சு மேசைக்கு வந்தாங்க. "அப்ப இது பை போட்டி இல்லையா சம்பந்தி?"

"மன்னிச்சிருங்க, உங்கள வேற வரவச்சு..."

"நானும் பைன்னுதான கெளம்பி வந்தேன். எனக்குச் சீனி வியாதி, பலகாரம் திங்கவா இம்புட்டுத் தூரம் வருவேன்?" பைய எடுத்து உள்பக்கம் திருப்பினாங்க, ஓரத்தப் பிடிச்சு இழுத்துப் பாத்தாங்க. "உள்தையல்ல ஒரு நூல் வெளிய தெரியல. நான் வாங்குற பையெல்லாம் மூணு மாசத்துல வார் அந்துபோகுது." வெலகூடின ஹேண்ட்பேக்க அப்படியே தூக்கி அந்தத் துணிப்பைக்குள்ள போட்டு மூடி, தோள்ல மாட்டிக்கிட்டாங்க. சார்டின் பைக்கு முதல் பரிசுன்னு நடுவர் அறிவிச்சத யாரு கவனிச்சா?

அப்புறம் பைய ஒரு போட்டோ எடுத்து, போன வாய்க்கிட்ட வச்சுக்கிட்டு, யாருக்கோ குரல் பதிவு அனுப்பினாங்க. அந்தம்மாவுக்கு மெல்லப் பேச வராது. "ராஜம்மா, ஒரு பை போட்டோ அனுப்பியிருக்கேன் பாரு. எங்க சம்பந்தி தச்சது. டைலர்லா அவரு, பிரிக்பீல்ட்ஸ்ல கடை. வேணும்னா சொல்லு."

அண்ணன் என் பக்கம் சாஞ்சு, "என்ன தாமர சொன்னாங்க? காதுல சரியா விழல"ன்னார்.

அவருக்குக் காது நல்லாத்தான் கேக்கும்.

"டைலர்னு சொன்னாங்கண்ணே"ன்னேன்.