மங்களம் டீச்சர் வீட்டுக்குத் தனியாகப் போனேன்

மங்களம் டீச்சர் நேற்று சாயங்காலம் இறந்துவிட்டார். மாரடைப்பு...

தலைமுறைகளாக மலாய் பேசும் செட்டிகளின் ஊரான கம்போங் செட்டிக்காரர். காஜா பேராங் பகுதியில் சனிக்கிழமைதோறும் ஆட்டிசம் பிள்ளைகளுக்கு ஆட்டமும் நடிப்புமாக வகுப்பு நடத்தியவர். என் மகன் கவினும் அங்கேதான் போனான்.

டீச்சருக்குத் தமிழ் கொஞ்சம்தான். மலாயில் பேசுவார், மிச்சத்தைக் கையும் காலும் பேசும். துணிக்கடை முதலாளி என்பதால் என்னைத் தவுக்கே என்றுதான் கூப்பிடுவார்.

பெற்றோரும் சேர்ந்து நடிக்க வேண்டும். ஒரு நாள் நான் மழை. தரையில் உட்கார்ந்து விரலால் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும்... நடுவில் சப்ளையர் போன். எடுத்துவிட்டேன். பக்கத்தில் தட்டிக்கொண்டிருந்த கவினும் நிறுத்திவிட்டான்.

“தவுக்கே, மழை போன் பேசுமா?” என்றார் டீச்சர். அம்மாக்கள் சிரித்த சிரிப்பில் போனை ஆஃப் பண்ணிவிட்டேன்.

கவினை யாராவது தொட்டால் கத்துவான். டீச்சர் தொடவே இல்லை. என் கடையில் ஒரு நீளத் துணி கேட்டார். விற்காமல் கிடந்ததைத்தான் கொடுத்தேன், வியாபாரி புத்தி.

பிள்ளைகள் ஆளுக்கொரு ஓரம் பிடித்து அதைத் தூக்கி இறக்குவார்கள். வாரக்கணக்கில் சுவரோரம் நின்ற கவின், ஒரு நாள் தானாக வந்து ஒரு முனையைப் பிடித்தான். டீச்சர் கைதட்டவில்லை. கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார், அவ்வளவுதான்.

இன்று சனிக்கிழமை. காலையிலேயே கவின் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். “டீச்சர் வெளியூர் போயிட்டாங்கடா” என்று சொல்லி, அவன் அம்மாவிடம் விட்டுவிட்டு, துக்க வீட்டுக்கு நான் மட்டும் கிளம்பினேன்.

என் கஸ்டமர்கள் வருவார்கள். இவன் கையை உதறிக்கொண்டு சத்தம் போட்டால் எல்லாரும் பார்ப்பார்களே... அதுதான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.

போனால், வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் அங்கே. டீச்சர் காலடியில் ஒரு சிறுமி உட்கார்ந்து முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

“கவின் மானா? எங்க?” என்றார் டீச்சரின் அக்கா.

“காய்ச்சல்க்கா.” டீச்சர் முகத்துக்கு முன்னாலேயே சொன்னேன்...

“ஐயோ, கெசியான்... பாவம்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்கு மேல் நிற்க முடியவில்லை. வீட்டுக்கு ஓடினேன். கவினை ஏற்றிக்கொண்டு திரும்பி வந்தபோது எடுத்துவிட்டிருந்தார்கள். வீட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

ஈரத் தரையில் நின்று கேட்டான். “டீச்சர் வெளியூர்?”

“இல்லடா... செத்துட்டாங்க. அப்பா பொய் சொன்னேன்.”

கூடத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

டீச்சர், கவின் வந்தான். லேட்டாக்கியது நான்தான்.

நல்லபடியா போங்க.